அந்தச் சரிவுக்கு யார் நடந்துபோவது?

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. ஆனால் பதிலைத் தனியாக அனுப்பாமல் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். ஐடஹோ, மான்டானா, கொலராடோ என்று வேலைக்குப் போயிருக்கும் நம்மவர்கள் பலருக்கு அக்டோபர் பிறந்தால் இதே சங்கடம்தான். பக்கத்து மேசைக்காரர் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்து கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார். 'பலே' என்பதா, 'ஐயோ' என்பதா? ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

பாய்ஸியில் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காட்டியது வீடியோ. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், எதிர்ச் சரிவில், ஓர் ஆண் எல்க் மேய்ந்துகொண்டிருக்கிறது. எல்க் நம் மிளாவுக்கு உறவுமுறை. நன்றாக வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். யாரோ அடிக்குரலில் '810' என்கிறார். வெடிச் சத்தம். ஒரு வினாடிக்கு எதுவும் நடக்கவில்லை, அது பாட்டுக்கு மேய்கிறது. பிறகு முன்னங்கால் மடங்கிச் சரிகிறது. 810 கஜம் என்றால் ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர். "இது திறமையா, கொலையா? அடுத்த சீசனுக்கு என்னையும் கூப்பிடுகிறார், போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இறைச்சி கொடுத்தால் வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி. மூன்றுக்கும் சொல்கிறேன்.

நான் வேட்டைக்காரன் இல்லை. காகிதத்தையும் இரும்புத் தகட்டையும் சுட்டிருக்கிறேன், உயிரைச் சுட்டதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த இந்தியனுக்கு வேட்டை என்பது புத்தகத்தில் படிக்கிற விஷயம், இல்லாவிட்டால் செய்தித்தாளில் வரும் கைதுச் செய்தி. அங்கே நிலைமை வேறு. உரிமம் வாங்கி, சீசனில், மாநிலம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் சுடுவது ஊரறிந்த வழக்கம். அந்த உரிமக் கட்டணத்தை நம்பித்தான் மாநில வனவிலங்குத் துறைகள் பெருமளவுக்கு நடக்கின்றன. 'வேட்டையே பாவம்' என்று ஆரம்பித்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சே ஓடாது. இந்தத் தூரச் சண்டை வேட்டைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வது. அவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே அதைப் பார்ப்போம்.

திறமைதான், அதில் சந்தேகம் வேண்டாம். இன்று அங்கே பரவலாகப் புழங்கும் தோட்டாக்களில் ஒன்று 6.5 கிரீட்மோர். 2007இல் ஹார்னடி நிறுவனம் குறிசுடும் போட்டிகளை மனதில் வைத்துக் கொண்டுவந்தது, வேட்டைக்காரர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். அதன் 143 கிரெய்ன் குண்டு, அதாவது ஒன்பது கிராம் சொச்சம், வினாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் குழலைவிட்டுக் கிளம்பும். ரைஃபிளை 100 கஜத்துக்குச் சரிபார்த்து வைத்திருந்தால், 500 கஜத்தில் அந்தக் குண்டு குறிக்கு நாலரை அடி கீழே போயிருக்கும். 1,000 கஜத்தில் சுமார் 25 அடி.

கேட்க மலைப்பாக இருக்கும். பழகியவர்களுக்கு இந்த இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. புவியீர்ப்பு நாளுக்கு ஒரு மாதிரி மாறுவதில்லை. தூரம் சரியாகத் தெரிந்தால் மீதி கணக்கு. ஸ்கோப்பின் தலையில் இருக்கும் திருகைத் தேவையான அளவு திருப்பினால் குறி சரியாகிவிடும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு 'கிளிக்' திருகினால் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ நகரும். ஒரு காலத்தில் தூரத்தைக் கண்மதிப்பாகத்தான் சொல்லவேண்டியிருந்தது. 400 கஜத்தை 500 என்று நினைத்துவிட்டால் கதை முடிந்தது. 1990களில் லேசர் தூரமானி கைக்கு அடக்கமாக, சாதாரண ஆள் வாங்குகிற விலைக்கு வந்தது. என்னைக் கேட்டால், ஆட்டத்தை மாற்றியதில் ரைஃபிளைவிட அந்தச் சின்னப் பெட்டிக்குப் பங்கு அதிகம்.

மற்றவை அந்தக் கணக்கைத் தீட்டுகிற வேலைகள். கடல்மட்டத்தில் சரிபார்த்த ரைஃபிளை 8,000 அடி மலைக்குக் கொண்டுபோனால் அங்கே காற்று மெலிது, குண்டு குறைவாக இறங்கும். மேட்டைப் பார்த்துச் சுட்டாலும் சரி, பள்ளத்தைப் பார்த்துச் சுட்டாலும் சரி, நேர்தூரத்துக்குத் திருகு வைத்தால் குண்டு குறிக்கு மேலேதான் போகும். புவியீர்ப்பு கிடைமட்டத் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்கும். பள்ளத்தைப் பார்த்துச் சுட்டால் குண்டு கீழே போகும் என்று அடித்துச் சொல்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே பெட்டித் தோட்டாக்களுக்குள் வேகம் 30 அடி கூடக்குறைய இருந்தாலே 1,000 கஜத்தில் எட்டு அங்குலம் மேல்கீழாகும். அதனால் வெடிமருந்தைத் தராசில் நிறுத்துத் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் பெரியவரின் கராஜை எட்டிப் பாருங்கள், அந்தத் தராசு இருந்தாலும் இருக்கும். ரைஃபிளுக்குக் கொடுத்த காசை ஸ்கோப்புக்கும் கொடுத்திருப்பார். அது தெரிந்தவர் செய்கிற காரியம்.

இத்தனையும் கைவந்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. காற்று.

குறுக்கே மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் காற்று, அதே குண்டை 500 கஜத்தில் 15 அங்குலம் தள்ளும். 800 கஜத்தில் 42 அங்குலம். தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தள்ளல் கிட்டத்தட்ட மும்மடங்காகிவிட்டது, கவனியுங்கள். எல்கின் நுரையீரலும் இதயமும் சேர்ந்த நெஞ்சறையை ஒன்றேகால் அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் குறிவைத்தால் இருபக்கமும் ஏழெட்டு அங்குலம் இடம் இருக்கிறது. 800 கஜத்தில் காற்றை 2 மைல் தப்பாகக் கணித்தால் அந்த இடம் தீர்ந்தது. மணிக்கு 2 மைல் காற்று முகத்தில் உறைக்கக்கூடச் செய்யாது. புகை சாய்வதை வைத்துத்தான் காற்று இருப்பதே தெரியும்.

இதற்கும் கருவி உண்டு. கெஸ்ட்ரல் என்று உள்ளங்கையளவு ஒரு காற்றுமானி, சின்ன விசிறி சுழலும், எண்ணைக் காட்டும். அது காட்டுவது உங்கள் மூக்குக்கு முன்னால் வீசும் காற்றை. குண்டு போகப்போவது பள்ளத்தாக்குக்கு மேலே. கீழே ஓடை ஒரு பக்கமாகக் காற்றை இழுக்கும். எதிர்ச் சரிவில் வெயில் பட்டதும் காற்று மேலேறத் தொடங்கும். இடையில் ஒரு பாறை முகடு இருந்தால் அங்கே தனிக் கதை. அனுபவசாலிகள் கருவியை ஓரம் வைத்துவிட்டுப் புல்லைப் பார்ப்பார்கள். தொலைநோக்கியைக் குறிக்குச் சற்று முன்னால் குவியவைத்துக் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். கானல் செங்குத்தாகக் கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை. சாய்ந்து ஓடினால், ஓடுகிற வேகத்தை வைத்து ஒரு மதிப்பு. வருஷக்கணக்காகப் பழகினால் வரும். வந்த பிறகும் அது மதிப்புத்தான்.

மேற்கு அமெரிக்காவில் ஒரு வறண்ட நிலத்துச் சுடுதளத்தில், கைதேர்ந்த ஒரு நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 800 கஜத்தில் சங்கிலியில் தொங்கும் இரும்புத் தகடு, வெள்ளைப் பெயின்ட். அவர் குப்புறப் படுத்து, ரைஃபிளின் முன்னால் இருகால் தாங்கி, பின்கட்டைக்கு அடியில் கைப்பிடியளவு மணல்பை. அந்தப் பையைப் பிசைந்து பிசைந்துதான் குறியை மயிரிழை மயிரிழையாக ஏற்றி இறக்குவார். மூச்சை விட்டு, அடுத்த மூச்சை இழுக்கும் முன் வரும் அந்தச் சின்ன நிறுத்தத்தில் விசை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் குண்டு போன வழி தெரிந்தது. குண்டைச் சொல்லவில்லை; அது கிழித்துப்போன காற்றின் கலக்கம், தண்ணீருக்குள் மீன் போன சுவடு மாதிரி, மேலே வளைந்து ஏறித் தகட்டை நோக்கி இறங்கியது. தகட்டுக்கு வலப்பக்கம் ஒன்றரை அடி தள்ளி மண் தெறித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அதே அளவு இடப்பக்கம் தள்ளிப் பிடித்து இரண்டாவதைச் சுட்டார். தகடு ஆடுவது கண்ணுக்குத் தெரிந்து, இரண்டு வினாடி கழித்துத்தான் 'டிங்' என்று சத்தம் வந்து சேர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு போதை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த முதல் குண்டு மட்டும் என் மனதில் நின்றுவிட்டது. தகட்டுக்கு அது ஒரு தகவல்: 'காற்று நினைத்ததைவிட 4 மைல் கூடுதல்.' தலையை இடப்பக்கம் வைத்து நிற்கும் எல்குக்கு அதே ஒன்றரை அடி குடலில் விழும். குடலில் குண்டு வாங்கிய மிருகம் உடனே சாகாது. மணிக்கணக்கில், சில சமயம் அடுத்த நாள்வரை, நடந்துகொண்டே இருக்கும்.

எந்தத் திறமையும் எட்டாத இன்னொன்று குண்டு காற்றில் இருக்கும் நேரம். 800 கஜத்துக்கு ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேல். வீடியோவில் 'எதுவும் நடக்கவில்லை' என்று நீங்கள் கவனித்த இடைவெளியில் பெரும்பங்கு அதுதான். குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் எல்குக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆனால் மேய்கிற மிருகம் மேய்ந்துகொண்டே ஓர் அடி முன்னால் வைக்கும். அதற்கு ஒரு வினாடி தாராளம். விசையை அழுத்திய கணத்தில் எல்லாமே சரியாக இருந்து, குண்டு சேர்ந்த கணத்தில் தப்பாகப் போகலாம். சுட்டவர் மேல் குற்றம் சொல்ல முடியாத தப்பு. அப்படி ஒரு தப்புக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்தே விசையை அழுத்துவதைப் பற்றித்தான் கேள்வி.

இந்தத் தூர மோகம் புதிது என்று அங்கே பலர் நினைக்கிறார்கள். கிரீட்மோர் என்ற பெயரே 1870களைச் சேர்ந்தது. நியூயார்க் அருகே லாங் தீவில் 1873இல் திறந்த சுடுதளத்தின் பெயர் அது. அடுத்த ஆண்டு அங்கே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கஜத்தில் மோதின. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. கூட்டம் அலைமோதிய போட்டி. அதே 1874இல், டெக்சஸ் மாநிலத்தின் வடக்கு மூலையில், அடோபி வால்ஸ் என்ற இடத்தில் பில்லி டிக்சன் என்ற காட்டெருமை வேட்டைக்காரர் குதிரைமேல் இருந்த பழங்குடி வீரர் ஒருவரை மிகத் தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்தினார். பிற்பாடு அளந்து 1,538 கஜம் என்றார்கள். குருட்டு அதிர்ஷ்டம் என்று டிக்சனே ஒத்துக்கொண்டார், ஆனால் யார் விட்டார்கள்? ஒரே அம்பில் யானை முதல் உடும்புவரை துளைத்தான் என்று வல்வில் ஓரியைப் பாடிய நமக்கு அந்த மோகம் புரியாததல்ல.

டிக்சனின் தொழிலைப் பாருங்கள். கனமான ஷார்ப்ஸ் ரைஃபிளோடு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, மந்தைக்கு எட்டாத தூரத்தில் படுத்துக்கொள்வார்கள். வழிநடத்தும் மாட்டை முதலில் நுரையீரலில் சுடுவார்கள். அது நின்ற இடத்திலேயே ரத்தம் கக்கி நிற்கும்; மற்றவை என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதைச் சுற்றிக் குழம்பும். நகர முயலும் மாட்டை மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தால் போதும், ஒரே இடத்தில் படுத்தபடி மந்தையை முடித்துவிடலாம். தோலுக்காகத்தான். தூரம் இருநூறு, முந்நூறு கஜம்தான், இன்றைய கணக்கில் பக்கம். ஆனால் சுடுகிறவன் எங்கே இருக்கிறான் என்று காட்டெருமைக்குப் புரியாத தூரம் அது, அந்த மிருகத்தைப் பொறுத்தவரை அதுவே நெடுந்தூரம்.

இந்த முறையை விரிவாக எழுதிவைத்தவர் வில்லியம் ஹார்னடே. தோட்டா நிறுவனத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. இவருக்கு நம்மோடு ஒரு தொடர்பு உண்டு: 1870களின் பிற்பகுதியில் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்காக விலங்குகளைச் சேகரிக்க வந்து ஆனைமலைக் காடுகளில் யானை சுட்டவர். ஊர் திரும்பி ஸ்மித்சோனியனில் விலங்குகளைப் பாடம்செய்யும் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, கோடிக்கணக்கில் இருந்த அமெரிக்கக் காட்டெருமையில் மிச்சம் எத்தனை என்று கணக்கெடுத்தார். 1889இல் அவருக்குக் கிடைத்த எண் ஆயிரத்துச் சொச்சம். பிறகு வாழ்நாள் முழுக்க அந்த மிருகத்தைக் காப்பாற்றப் பாடுபட்டார்.

அந்த அழிவைக் கண்ணால் பார்த்த தலைமுறைதான் 1887இல் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பைத் தொடங்கியது. தியடோர் ரூஸ்வெல்ட், ஜார்ஜ் பேர்டு கிரின்னல் முதலானோர். விலங்குக்குத் தப்பிக்க ஒரு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும், வேட்டைக்காரர் தகாத அனுகூலம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் வகுத்த நெறி. நீலகிரியிலும் வெள்ளைக்காரர்கள் 1877இல் ஒரு வேட்டைச் சங்கம் வைத்து, 1879இல் சட்டமும் கொண்டுவந்து, வரையாடு உள்ளிட்டவற்றைச் சுடுவதற்கு வரைமுறை போட்டார்கள். இந்தக் கனவான் நெறிகளில் ஒரு பாசாங்கும் இருந்தது: துரை சுட்டால் விளையாட்டு, வயிற்றுக்காக மலைவாசி பிடித்தால் திருட்டு. அதைச் சொல்லாமல் அவர்களைப் புகழ முடியாது.

தூரத்தைப் பற்றி அந்த கிளப்பின் இன்றைய நிலைப்பாடு சுவாரசியமானது. இத்தனை கஜத்துக்கு மேல் கூடாது என்று அவர்கள் எண் சொல்லவில்லை. நோக்கத்தைப் பார்க்கிறார்கள். எவ்வளவு தொலைவிலிருந்து உயிருள்ள குறியை அடிக்க முடிகிறது என்று கருவியைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால், விலங்கு உன்னைக் கண்டுகொள்ளும் ஆபத்தையே ஏற்க மாட்டேன் என்றால், அதற்கு வேட்டை என்று பெயரில்லை என்கிறார்கள்.

சட்டங்கள் ஓரங்களைத்தான் தொடுகின்றன. உங்கள் ஐடஹோவில் பெருவிலங்கு வேட்டைக்கு 16 பவுண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கி கூடாது. வெளிச்சமிடும் குறுக்குக்கோடு தவிர வேறு மின்னணுச் சாதனம் துப்பாக்கியிலோ ஸ்கோப்பிலோ இருக்கக் கூடாது. கையில் தனியாகத் தூரமானி வைத்துக்கொள்ளலாம். 2013இல் டிராக்கிங்பாயின்ட் என்ற டெக்சஸ் நிறுவனம், குறியை ஒருமுறை அடையாளமிட்டுவிட்டால் கணினியே கணக்குப் போட்டு, குழல் சரியான இடத்துக்கு வரும்போது தானே சுடுகிற ரைஃபிளை இருபதாயிரம் டாலருக்கும் மேலான விலையில் கொண்டுவந்தபோது, நெடுந்தூர வேட்டைக்காரர்களே பலர் முகம் சுளித்தார்கள். தாங்கள் வருஷக்கணக்கில் கற்றதைக் காசு கொடுத்து வாங்குகிறானே என்ற எரிச்சலும் அதில் இருந்திருக்கும்.

அவர்கள் தரப்பு வாதத்தைச் சுருக்காமல் சொல்ல வேண்டும், அதில் பலம் இருக்கிறது. அவர்கள் கேட்பது இது: வருஷத்துக்கு ஒரே ஒருமுறை பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கி, நாலு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க நின்றுகொண்டே 150 கஜத்தில் ஓடும் மானைச் சுடுகிற ஆளை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆயிரக்கணக்கில் தோட்டா செலவழித்துப் பழகி, படுத்துக்கொண்டு, நிதானமாக நிற்கும் மிருகத்தை 500 கஜத்தில் சுடுகிற என்னை மட்டும் கேட்கிறீர்கள். காயப்படுத்துவது தப்பு என்றால் அவனை முதலில் நிறுத்துங்கள். நார்வேயைப் பாருங்கள்: அங்கே பெருவிலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் 100 மீட்டரில் சுட்டுக்காட்டித் தேற வேண்டும். அமெரிக்காவில் அப்படிப் பரீட்சை எங்கே?

சரியான கேள்வி. பதில் சொல்ல அங்கே அரசியல்வாதிகளுக்குத் தைரியம் வராது. ஆனால் அந்த வாதம் பயிற்சிக்கு ஆதரவு. தூரத்துக்கு ஆதரவாக அதில் எதுவும் இல்லை. அவ்வளவு பழகியவர் 200 கஜத்துக்கு நெருங்கிச் சுட்டால் இன்னும் நன்றாகச் சுடுவார். நெருங்க முடியாது, நெருங்கினால் ஓடிவிடும் என்பார். அப்படியானால் அன்றைக்கு எல்க் ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாமே.

'நியாயமான வாய்ப்பு' என்ற வாதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வீடியோ எங்கே முடிகிறது, கவனித்தீர்களா? மிருகம் விழுந்ததும் முடிகிறது. விழாவிட்டால் அந்த வீடியோவே இருக்காது.

800 கஜத்தில் குண்டு பட்ட எல்க் பெரும்பாலும் சினிமாவில் மாதிரி விழாது. இரண்டு நுரையீரலும் போனபிறகும் சில வினாடி அப்படியே நிற்கலாம். நூறு அடி நடந்து மரங்களுக்குள் மறையலாம். துப்பாக்கி உதைத்ததில் சுட்டவரின் ஸ்கோப் குறியைவிட்டு விலகியிருக்கும்; திரும்பக் கண்டுபிடிப்பதற்குள் அது நின்ற இடம் காலி. பட்டதா, தப்பியதா? பக்கத்தில் இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்திருந்தால் கொஞ்சம் தெரியும். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்தச் சரிவுக்கு நடந்துபோவது.

அங்கேதான் வினை. நேர்கோட்டில் முக்கால் கிலோமீட்டர் என்பது, கீழே பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, புதருக்குள் ஏறினால் ஒரு மணி நேரம், கூடவும் ஆகலாம். இங்கிருந்து பார்க்கும்போது 'அந்த மொட்டை மரத்துக்குக் கீழே, மஞ்சள் புல்திட்டின் ஓரம்' என்று துல்லியமாக இருந்த இடம், அங்கே போய் நின்றால் காணாது. மொட்டை மரம் பத்து இருக்கும், புல்திட்டு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். தேர்ந்தவர்கள் இதற்காகவே சுட்ட இடத்தில் ஓர் ஆளை விட்டுவிட்டுப் போவார்கள். அவர் இங்கிருந்து கையசைத்து வழிகாட்டுவார். நின்ற இடத்தைக் கண்டுபிடித்தால்தான் முதல் ரத்தத்துளி கிடைக்கும். நுரையீரல் ரத்தம் நுரைத்து இளஞ்சிவப்பாக இருக்கும். கறுத்து, புல் கூழ் கலந்து, நாற்றமடித்தால் குடல். குடல் என்றால் உடனே பின்தொடரக் கூடாது, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், துரத்தினால் மைல் கணக்கில் போய்விடும். அதற்குள் இருட்டும். பனி விழுந்தால் தடம் மூடிவிடும். நார்வேயில் மான் இன வேட்டைக்குப் போகிறவர், காயம்பட்டதைத் தேட அங்கீகாரம் பெற்ற மோப்பநாய்க்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். காரணம் இதுதான்.

150 கஜத்தில் சுட்டவர் இரண்டே நிமிடத்தில் அந்த இடத்தில் நிற்பார். 800 கஜத்தில் சுட்டவருக்கு, அந்தி நேரத்தில், எதிரே அந்தப் பள்ளம். 'தப்பிவிட்டது என்று நினைக்கிறேன்' என்ற வாக்கியம் அப்போது எவ்வளவு வசதியாக நாக்கில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பொய்யராக இருக்க வேண்டியதில்லை. களைத்திருந்தால் போதும். தப்பினவற்றின் கணக்கில் காயம்பட்டவை எத்தனை என்பது இதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். போங்கள். போகும் முன் அவரிடம் 'எவ்வளவு தூரத்துக்குச் சுடுவீர்கள்?' என்று கேட்காதீர்கள், பெருமைதான் பதிலாக வரும். 'சுட்ட பிறகு விழவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். இரவு தங்கியும் தேடியதை, ஓர் எலும்பும் கிடைக்காமல் அடுத்த நாளும் போனதைச் சொல்கிறவர் என்றால், அவர் 500 கஜத்தில் சுட்டாலும் கூடப் போகலாம். ஆனால் அப்படி ஓர் அனுபவப்பட்டவர் தானாகவே தூரத்தைக் குறைத்திருப்பார் என்பது என் ஊகம். 'எனக்குத் தப்பியதே இல்லை' என்றால் ஏதாவது வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். எண் சொல்லியே ஆக வேண்டும் என்றால், குறுக்குக் காற்று இருக்கும் நாளில் 400 கஜத்துக்கு மேல் எந்த நல்ல சுடுநரும் உயிரைச் சுட வேண்டியதில்லை என்பது என் கட்சி. இதைப் படித்துவிட்டு வசைக்கடிதம் எழுதப்போகிறவர்கள் காற்றைப் பற்றி எழுதினால் பதில் போடுகிறேன், ரைஃபிளைப் பற்றி எழுதினால் மாட்டேன். 800 கஜத்தில் இரும்பைச் சுட அவர் கூப்பிட்டால் மறுக்கவே மறுக்காதீர்கள். அந்த 'டிங்' சத்தத்தை ஒருமுறை கேட்க வேண்டும்.

இறைச்சி: வாங்கலாம். பெருவிலங்கைச் சுட்டுவிட்டு உண்ணக்கூடிய இறைச்சியை வீணாக்குவது ஐடஹோவில் குற்றம். நீங்கள் வாங்குவதில் அவருக்கும் சந்தோஷம். ஆனால் குண்டு எதனால் ஆனது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஈயக் குண்டு மிருகத்துக்குள் தூளாகச் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து ஓரடிக்கு மேலேயும் பரவியிருக்கும். 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான் இறைச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது ஈயத்துகள்கள் தெரிந்து, இருப்பை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் ஈயக் குண்டால் சுட்ட இறைச்சியைத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். செம்புக் குண்டில் இந்தத் தொல்லை இல்லை. கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் செம்பு மலர்ந்து விரிய வேகம் வேண்டும். 800 கஜத்தில் குண்டின் வேகம் வினாடிக்கு 1,650 அடி அளவுக்குத் தேய்ந்திருக்கும், பல செம்புக் குண்டுகள் அந்த வேகத்தில் விரியாமல் ஊசி மாதிரித் துளைத்துப் போய்விடும். அதனால் நெடுந்தூரக்காரர்கள் பெரும்பாலும் ஈயத்தை விடுவதில்லை. உங்கள் பெரியவரும் அப்படித்தான் இருப்பார்.

வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஈயம் என்று அவர் சொன்னால், அரைத்த இறைச்சியைப் பணிவாக மறுத்துவிட்டு, காயத்துக்குத் தொலைவான பின்தொடையில் ஒரு துண்டு கேளுங்கள். அதையும் பெரியவர்கள் மட்டும் சாப்பிடுங்கள். எல்கில் கொழுப்பு குறைவு. ஆட்டுக்கறி என்று நினைத்து நேரம் வைத்தால் வறண்டுபோகும். மெல்லிதாக நறுக்கி, மிளகு சற்றுத் தூக்கலாகப் போட்டு, நல்ல சூட்டில் சீக்கிரம் வதக்கி இறக்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்